காட்டேரிகளின் கலகம் எங்கிருந்து பிறக்கிறது?

கேள்வி இதுதான்: "'வாம்பயர்: த மாஸ்கரேட்' விளையாட்டை முதல்முறையாக நடத்தப் போகிறேன். பிளேயர்கள் நாலு பேருமே அனார்க்காகத்தான் வருவோம் என்கிறார்கள். அனார்க்குக்கும் சபாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. தோல் ஜாக்கெட், மோட்டார் பைக், 'பிரின்ஸ் ஒழிக' என்பதைத் தாண்டி ஒரு கலகக் கூட்டத்தையும் அது வாழும் ஊரையும் எப்படி உருவாக்குவது?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு காட்டேரி கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் இந்தக் கதை விளையாட்டைப் பல வருஷமாக நடத்தி வருகிறேன். இதில் ஒரு ஊரை ஆளும் காட்டேரிதான் 'பிரின்ஸ்'. மூத்தவர்களின் ஆட்சியை எதிர்க்கும் இரண்டு கூட்டங்கள் அனார்க்கும் சபாட்டும். நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கொள்கையை ஓரமாக வையுங்கள். புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் கலகக்காரர்களின் அறிக்கையை எழுதுவதில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சுதந்திரம், சமத்துவம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிளேயர்கள் மரியாதையாகப் படித்தார்கள், அதோடு மறந்துவிட்டார்கள். இந்த உலகத்தில் கலகம் இரத்தத்தின் விதிகளிலிருந்து பிறக்கிறது. அந்த விதிகளை டேபிளில் உணர வைத்துவிட்டால் அறிக்கையை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மனிதர்களின் ஊரில் அநியாயக்காரர் ஒருவர் தலைவராக இருந்தால் ஒரே ஒரு ஆறுதல் உண்டு. ஒரு நாள் அவர் கண்ணை மூடுவார். மகனோ மருமகனோ கொஞ்சம் நல்லவனாக வாய்க்கலாம். காட்டேரிகளின் ஊரில் அந்த ஆறுதல் கிடையாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார், நாளையும் இருப்பார். பதவி காலியாவதே இல்லை. இளையவர்கள் நூறு வருஷம் உழைத்தாலும் இளையவர்கள்தான்.

இதற்கு மேல் 'ஜெனரேஷன்' என்ற விதி வருகிறது. முதல் காட்டேரியான, பைபிளில் வரும் காயீனிலிருந்து நீங்கள் எத்தனையாவது படி என்பதுதான் அது. எண் கூடக் கூட இரத்தம் நீர்த்துப்போகும். பழைய பதிப்புகளில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். 13ஆம் ஜெனரேஷன் ஆள் உடம்பில் 10 புள்ளி இரத்தம்தான் வைத்துக்கொள்ள முடியும், ஒரு டர்னுக்கு 1 புள்ளிதான் செலவழிக்க முடியும். 8ஆம் ஜெனரேஷன் ஆளுக்கு 15 புள்ளி, டர்னுக்கு 3. தன்னைவிடக் கீழ் எண் கொண்டவரின் மனதை 'டாமினேட்' சக்தியால் வசப்படுத்தவும் முடியாது. அவர் உங்களை வசப்படுத்தலாம், நீங்கள் அவரைத் தொட முடியாது. உழைப்போ படிப்போ இதை மாற்றாது. மாற்ற ஒரே வழி 'டயப்ளரி', அதாவது மூத்த காட்டேரி ஒருவரின் உயிரையே உறிஞ்சிக் குடிப்பது. அதற்குத் தண்டனை மரணம். சட்டத்தை எழுதியவர்கள் யார்? கீழ் எண் கொண்ட மூத்தவர்கள். இந்த ஒரு வரியை உங்கள் பிளேயர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்லட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது விதி இரத்தக் கட்டு, 'பிளட் பாண்ட்' என்பது. ஒரே காட்டேரியின் இரத்தத்தை வெவ்வேறு மூன்று இரவுகளில் குடித்தால், குடித்தவர் கொடுத்தவருக்கு அடிமை. சங்கிலி போட்ட அடிமையாக இருந்தாலாவது உள்ளுக்குள் வெறுக்கலாம். இங்கே அடிமைத்தனம் அன்பின் வடிவில் வருகிறது. எஜமானைப் பார்த்தால் மனம் நெகிழும், அவருக்கு ஒன்று என்றால் பதறும். அந்த அன்பு பொய் என்று புத்திக்குத் தெரிந்தாலும் நெஞ்சு கேட்காது.

அனார்க் கலகத்தின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. விளையாட்டின் கதைப்படி, இடைக்காலத்தின் கடைசியில் ஐரோப்பாவில் இன்குவிசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றம் காட்டேரிகளை வேட்டையாடி எரிக்கிறது. தப்பிக்க நினைத்த மூத்தவர்கள் தாங்கள் உருவாக்கிய பிள்ளைகளையே முன்னால் தள்ளிவிட்டுத் தப்பினார்கள். இரத்தக் கட்டில் இருந்த பிள்ளைகள் அன்போடு நெருப்புக்குள் போனார்கள். எஞ்சியவர்கள் அந்தக் கட்டை அறுக்க வழி கண்டபோதுதான் கலகம் கலகமானது. எந்தக் கொள்கையையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெற்றவர் தன்னை விறகாக எறிந்தார், அப்போதும் அவர்மேல் அன்பு மாறவில்லை, கட்டு அறுந்த இரவில்தான் நடந்தது என்னவென்று புரிகிறது. ஒரு கேரக்டருக்குப் பின்கதை எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. 1493இல் இங்கிலாந்தில் தார்ன்ஸ் என்ற இடத்தில் ஒரு சமாதான ஒப்பந்தம் நடந்ததாகக் கதை சொல்கிறது. தோற்ற கலகக்காரர்களில் பெரும்பாலானோர் மூத்தவர்களின் ஆட்சி அமைப்பான காமரில்லாவின் குடைக்குள் வந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் அனார்க்குகள். கையெழுத்திட மறுத்து வெளியேறியவர்கள் சபாட். ஆனால் இந்த வரலாற்றைவிட இரத்தக் கட்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள், சட்டென்று புரியும். காமரில்லாவில் கட்டு மேலிருந்து கீழே வருகிறது: மூத்தவர் கட்டுகிறார், இளையவர் கட்டுப்படுகிறார். சபாட் அந்தக் கட்டை அறுத்தது. அறுத்த கையோடு 'வால்டெரி' என்ற சடங்கைக் கொண்டுவந்தது. கூட்டத்தில் உள்ள எல்லோரும் தங்கள் இரத்தத்தை ஒரே கிண்ணத்தில் கலந்து குடிக்கிறார்கள். இப்போது எல்லோரும் எல்லோருக்கும் கட்டுப்பட்டவர்கள். எஜமானிடமிருந்து விடுபட்டவன் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டான். அனார்க்குகளிடம் கட்டே கிடையாது. அதனால் ஒருவர் சொல்லை இன்னொருவர் நம்பியாக வேண்டும், நம்பிக்கைத் துரோகத்தைத் தடுக்க இரத்தத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. அனார்க் கூட்டங்கள் எப்போதும் சத்தமாக, சண்டையும் சமாதானமுமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கலகத்தின் பின்னணியில் நிஜ வரலாறும் இருக்கிறது. அதை உபயோகித்துக்கொள்ளுங்கள். 1348–49இல் இங்கிலாந்தைக் கொள்ளைநோய் சூறையாடியது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. கூலியைப் பழைய அளவிலேயே அடக்கி வைக்க 1351இல் சட்டம் போட்டார்கள். பிறகு தலைவரி வந்தது. 1381இல் குடியானவர்கள் எழுந்தார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் தேடித் தேடி எரித்தது பண்ணை நீதிமன்றங்களின் ஏடுகளை. யார் யாருக்கு அடிமை, யார் எவ்வளவு வேலை செய்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஏடுகளில்தான் இருந்தது. தலைவன் வாட் டைலர் லண்டன் ஸ்மித்ஃபீல்டில், மன்னரோடு பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் வெட்டப்பட்டான். விளையாட்டின் கதையில் அந்தக் கலகத்தில் இருந்து வந்து, டைலர் என்ற பெயரையே சூடிக்கொண்ட ப்ரூஹா குலத்துப் பெண் காட்டேரி ஒருத்தி உண்டு. சிகாகோ புத்தகத்தில் அவளைச் சந்திக்கலாம்.

அந்த ஏடு எரிப்பை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். உங்கள் ஊரில் கலகக்காரர்கள் எதை எரிப்பார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காமரில்லா ஊர்களில் 'ஹார்ப்பி' என்று ஒருவர் இருப்பார். யார் யாருக்கு என்ன உதவி செய்தார், யார் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார் என்ற கணக்கு அவர் கையில். பணத்துக்கு மதிப்பில்லாத சமூகத்தில் அந்தக் கணக்குதான் சொத்து. ஒரு முறை என் பிளேயர்கள் ஹார்ப்பியின் நோட்டுப் புத்தகத்தைத் திருடினார்கள். எரிக்கத்தான் திருடினார்கள். புரட்டிப் பார்த்தபோது, ஊரில் பாதிப் பேர் தங்கள் பக்கத்தில் ஒருவருக்கே கடன்பட்டிருப்பது தெரிந்தது. எரிப்பதா, வைத்துக்கொள்வதா? ஒன்றரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை, அவர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பகடைகூட உருளாத அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டம்.

கலகம் எப்படிப் பிறந்தது என்பது இருக்கட்டும். ஜெயித்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. விளையாட்டின் உலகத்தில் அதற்குப் பெரிய உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். 1944 டிசம்பரில் அங்கே அனார்க்குகள் எழுந்து, பிரின்ஸ் டான் செபாஸ்டியனின் ஆட்சியைக் கவிழ்த்து, 'அனார்க் சுதந்திர நாடு' என்று அறிவித்தார்கள். முன்னால் நின்ற ஜெரமி மெக்நீல் பிரின்ஸ் நாற்காலியில் உட்கார மறுத்தார். ஊர் சிறுசிறு பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் 'பாரன்' என்று ஒரு தலைவர். 1994இல் வந்த லாஸ் ஏஞ்சலஸ் புத்தகம் அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய நிலையைக் காட்டுகிறது: எல்லைச் சண்டைகள், கும்பல்கள், பழைய தோழர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. 2004இல் வந்த 'பிளட்லைன்ஸ்' கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கும் இந்த ஊர் பழக்கமாக இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? தலைவர்கள் கெட்டவர்கள் என்று எழுதிவிடாதீர்கள், அது சுலபமான வழி. காரணம் மறுபடியும் இரத்தம்தான். கலகக்காரனும் சாவதில்லை. 1944இல் வீரனாக இருந்தவன் 2024இலும் அதே தெருவில் இருக்கிறான். அவன் உருவாக்கிய பிள்ளைகளுக்கு அவன்தான் மூத்தவன். அவர்கள் காத்திருக்கிறார்கள், நாற்காலி காலியாகவில்லை.

என் டேபிளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிளேயரின் கேரக்டர் பழைய பிரின்ஸை விரட்டி ஒரு பேட்டைக்குப் பாரன் ஆனான். முதல் இரவே, இங்கே யாரும் யாருக்கும் தலைவர் இல்லை, எல்லோரும் எங்கே வேண்டுமானாலும் வேட்டையாடலாம் என்று அறிவித்தான். மூன்று செஷன் நன்றாகப் போயிற்று. பிறகு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள், காட்டேரியாகி ஒரு வாரம்கூட ஆகாதவள். பசி. ஆஸ்பத்திரி வாசலில், கேமரா பார்க்கும் இடத்தில், ஒரு நர்ஸைக் கடித்துவிட்டாள். நர்ஸ் பிழைத்துக்கொண்டாள், வீடியோ இருக்கிறது. அனார்க்குகள் எல்லோரும் ஒரு கார் ஷெட்டில் கூடினார்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேயர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு பாரனின் குரலில், "இனிமேல் என்னைக் கேட்காமல் இந்தப் பேட்டையில் யாரும் குடிக்கக் கூடாது" என்றார். சொல்லி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது செஷனில் பிரின்ஸாக நான் சொன்ன வாக்கியம் அது, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். நான் எதையும் திட்டமிடவில்லை. பசியும் கேமராவும் சேர்ந்து அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தின.

அதனால் கலகக் கூட்டத்தை உருவாக்கும்போது முதலில் நான் எழுதுவது, பிரின்ஸ் போன அடுத்த இரவு யார் எங்கே குடிப்பார்கள் என்பதைத்தான். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கூட்டம் பிழைக்கும். பதிலில் கருத்து வேறுபாடு இருந்தால் இன்னும் நல்லது, அதுதான் உங்கள் உட்பூசல். உங்கள் கேரக்டர்களில் ஒருவர் சட்டம் வேண்டும் என்பார், இன்னொருவர் ஓட்டெடுப்பு வேண்டும் என்பார், மூன்றாமவர் பழைய பிரின்ஸின் தலை வேண்டும் என்பார். ஓட்டெடுப்பு, கூட்டுறவு, தற்காலிகச் சர்வாதிகாரம் என்று மனித அரசியல் முறைகளை இரவு உலகில் சோதித்துப் பார்க்கும் கூட்டம் ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், 2004இல் வந்த 'வாம்பயர்: த ரெக்வியம்' விளையாட்டின் கார்தியன் இயக்கத்தைப் படியுங்கள். அது வேறு உலகம், வேறு விதிகள். ஆனால் அங்கிருந்து யோசனைகளை எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

இனி ஊர். லாஸ் ஏஞ்சலஸ் முதல்முறை நடத்துபவருக்குப் பெரிய ஊர், வேண்டாம். நான் சிபாரிசு செய்வது இண்டியானா மாநிலத்தின் கேரி. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தொடக்க ஊர் இதுதான். சிகாகோவிலிருந்து சுமார் 40 கி.மீ. பிரின்ஸின் பெயர் மோடியஸ், இடிந்துகொண்டிருக்கும் மாளிகையில் கலையையும் நாசூக்கையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டோரியடோர் குலத்தவர். எதிர்த்து நிற்கும் அனார்க் தலைவன் ஜக்லர். பக்கத்துச் சிகாகோவின் பிரின்ஸ் லோடினுக்கு முன்னால் மோடியஸ் ஒரு பொருட்டே இல்லை. ஆக உங்கள் பிளேயர்கள் எதிர்க்கும் கொடுங்கோலன் தானே அவமானத்தில் வாழ்பவன். அவனை வெறுக்கவும் முடியும், அவனுக்காக இரங்கவும் முடியும்.

கேரியின் நிஜ வரலாறு இன்னும் அருமை. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1906இல் தன் எஃகு ஆலைக்காகவே உருவாக்கிய ஊர், நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயர் கொண்ட ஊர். 1919 எஃகு வேலைநிறுத்தத்தின்போது மத்திய அரசின் ராணுவம் வந்து இறங்கியது. 1967இல் ரிச்சர்ட் ஹாட்சர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய அமெரிக்க நகரங்களின் முதல் கருப்பின மேயர்களில் அவர் ஒருவர். 1972 மார்ச்சில் கருப்பின அரசியல் மாநாடு நாடெங்கிலும் இருந்து ஆட்களை இங்கே கூட்டியது. ஆலையில் வேலை குறைந்தது, ஊர் காலியானது. 1926இல் கட்டிய சிட்டி மெத்தடிஸ்ட் தேவாலயம் 1975இல் மூடப்பட்டு, இன்று கூரையில்லாமல் நிற்கிறது. அனார்க்குகள் கூடுவதற்கு இதைவிட நல்ல இடம் கற்பனையில்கூடக் கிடைக்காது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு லட்சம் மனிதருக்கு ஒரு காட்டேரி என்பது விளையாட்டுப் புத்தகங்கள் சொல்லும் உத்தேச அளவு. 1960இல் கேரியின் மக்கள்தொகை 1,78,320. 1990இல் 1,16,646. 2020இல் 69,093. அதாவது முதல் பதிப்பு வந்த காலத்தில் இந்த ஊருக்கு ஒரே ஒரு காட்டேரிக்குத்தான் இடம், இன்று அதுவும் இல்லை. ஆனால் மோடியஸ் இருக்கிறார், ஜக்லர் இருக்கிறான், உங்கள் நாலு பேரும் வரப்போகிறார்கள். இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கேரிக்கு வில்லனே எழுதவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஊரைவிட்டுப் போகும் குடும்பங்களே போதும். காலியாகும் ஒவ்வொரு வீடும் குறையும் ஒரு வேளைச் சாப்பாடு. ஐந்தாம் பதிப்பில் ஆடினால் காட்டேரியின் பசியைக் காட்டும் பசிப் பகடைகள் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

நிஜ வரலாற்றை எடுக்கும்போது ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். நிஜ மனிதர்களின் போராட்டத்தையோ துயரத்தையோ காட்டேரிகளின் சதியாக மாற்றாதீர்கள். 2018இல் ஐந்தாம் பதிப்பின் காமரில்லா புத்தகத்திலேயே இந்தத் தவறு நடந்தது. செச்னியாவில் ஓரினச் சேர்க்கையாளர்கள்மீது அப்போது நடந்துகொண்டிருந்த கொடுமையைக் காட்டேரிகளின் திட்டத்தில் ஒரு பகுதியாக எழுதியிருந்தார்கள். கடும் எதிர்ப்பு வந்தது. வெளியீட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். கேரியில் வேலைநிறுத்தம் செய்தவர்களை ஜக்லர் தூண்டினான் என்று எழுதினால் நீங்களும் அதையே செய்கிறீர்கள். அவர்கள் பட்டினிக்கும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கும் எதிராகத் தாங்களாகவே எழுந்தவர்கள். வேண்டுமானால் திருப்பி எழுதுங்கள்: அந்த வேலைநிறுத்தத்தில் நின்ற ஒரு தொழிலாளி பிறகு காட்டேரியானான், அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தான். மனிதர்களிடமிருந்து காட்டேரிகள் கற்றுக்கொள்ளட்டும்.

இரத்தக் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரின் விருப்பத்தைப் பறித்து அன்பை நட்டுவைப்பது சிலருக்குத் தங்கள் வாழ்க்கையில் பட்ட காயத்தைத் தொடும். முதல் செஷனுக்கு முன்னால் நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், பிளேயர் கேரக்டருக்கே இது நடக்கலாமா, கதையில் வேறு யாருக்காவது மட்டும் நடந்தால் போதுமா, அல்லது வேண்டவே வேண்டாமா என்று. ஒருவர் வேண்டாம் என்றால் டேபிளில் அது இல்லை, காரணம் கேட்க வேண்டியதில்லை.

தொடக்கக் காட்சிக்கு நான் வைத்திருப்பது இது. மோடியஸின் மாளிகை. வரவேற்பறைக் கூரை ஒழுகுகிறது, பியானோவின் மேல் ஒரு வாளி. ஊருக்குப் புதிதாக வந்த காட்டேரிகள் பிரின்ஸ் முன்னால் போய்ப் பெயர் சொல்ல வேண்டும் என்பது மரபு. உங்கள் நாலு பேரும் நிற்கிறார்கள். அவர் எழுந்து, உண்மையான அன்போடு, ஒரு வெள்ளிக் கோப்பையை நீட்டுகிறார். தன் இரத்தம். விருந்தினருக்கு மரியாதை, ஒரு வாய் போதும் என்கிறார். மூன்று இரவுகளில் இது முதல் இரவு என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே சாலையின் மறுபக்கத்தில் ஜக்லர் காரில் காத்திருக்கிறான், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்பையை முதலில் யார் முன்னால் வைப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.